படுவான்கரைப் பாலுக்கு ஒரு திறப்பு

கல்லடியில் இருந்த எங்கள் பால் சங்கத்துக்குக் கொம்பியூட்டர் வந்திறங்கிய அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, யுத்தகாலம். பாலைக் குளிரவைக்கும் தாங்கிக்கு ஜெனரேற்றர் ஓட்ட டீசல் வேண்டும். டீசலுக்குப் பெரிய ஆமி முகாமில் கையெழுத்து வேண்டும். கையெழுத்துக்கு நாயாய் அலைய வேண்டும். அந்த அலைச்சலுக்குள் கொழும்பில் இருந்து ஒரு லொறி வந்து மட்டைப்பெட்டிகளை இறக்கிவிட்டுப் போனது. ஒன்றில் கொம்பியூட்டர், ஒன்றில் பிறின்ரர். மூன்றாவதில், அவை இரண்டுக்கும் வேர்க்காமல் இருக்க ஒரு ஏசி. பால் திரைந்தாலும் பரவாயில்லை, பெட்டிக்கு வேர்க்கக்கூடாது என்று கொழும்பில் யாரோ முடிவெடுத்திருக்கிறார் என்று சங்கம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த ஏசி அறைக்குள் போய்க் கண்ணயர்கிறவனும் நான்தான்.

என் பெயர் கனகசிங்கம். பெரியகல்லாற்றில் பிறந்து, கல்லடியில் கல்யாணம் கட்டி, பெண்சாதி வீட்டில் குடியேறியவன். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு போய் ஏறுவதுதான் வழக்கம். சங்கத்தில் என் வேலை பால் பரிசோதிப்பது. பால்மானியைப் பாலுக்குள் விட்டுப் பார்த்து, தண்ணீர் கலந்தவர்களிடம் ஏச்சு வாங்குவது. இந்தக் கதை என்னைப் பற்றியதல்ல, பீற்றிஸைப் பற்றியது.

பீற்றிஸ் கல்லடிக் கடற்கரைப் பிள்ளை. அவளுடைய தகப்பன் கரைவலைக்காரர். கடலுக்குப் போக நேவி விடாத காலத்தில், வலையைச் சுருட்டி வீட்டு வளையில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். பீற்றிஸ் கோயில் மண்டபத்தில் நடந்த கொம்பியூட்டர் வகுப்பில் படித்தாள். அங்கே பாதி நாள் கரண்ட் இருக்காது. அதனால் மட்டையில் கீபோட்டை வரைந்து, எழுத்துகளை ஒட்டி, அதில் விரலை ஓட்டிப் பழகினாள். கரண்ட் வந்த நாளில் உண்மையான கீபோட்டில் கை வைத்தபோது, மட்டையை விட இது மெத்தென்று இருக்கிறதே என்று சிரித்தாளாம். சங்கத்துக்கு ஆள் எடுத்தபோது சேர்ட்டிபிக்கற் அடுக்கோடு வந்தவர்கள் நிறைய. பிறின்ரரில் தாள் சிக்கியபோது மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டவள் இவள் ஒருத்திதான். சங்கத் தலைவர் அவளையே எடுத்தார்.

அவள் வந்த பிறகுதான் இந்தப் பெட்டி எதற்கென்று எனக்கு விளங்கியது. அதுவரை ஒரு ஊர்ப்பால் முழுவதையும் ஒன்றாக ஊற்றி, ஊருக்கு ஒரு தரம் என்று எழுதி அனுப்புவோம். கட்டிப்பால் தந்தவளுக்கும் குளத்துத் தண்ணீரை மாட்டுக்குள் விடாமல் நேராகக் கேனுக்குள் விட்டவளுக்கும் ஒரே மதிப்பு. இனி அப்படியில்லை. ஒவ்வொரு வீட்டுப் பாலின் அளவையும் கொழுப்பையும் தனித்தனியாகப் பெட்டிக்குள் பதிவது, வாரம் ஒருமுறை புளொப்பித் தட்டில் எடுத்து கொழும்புக் கம்பனிக்கு அனுப்புவது, எந்தத் தாங்கியில் பழுது வந்தாலும் அது எந்த வீட்டுப் பால் என்று பின்னால் போய்ப் பிடிப்பது. நல்ல பாலுக்கு நல்ல மதிப்பு. கேட்க எனக்கே ஆசையாகத்தான் இருந்தது.

அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. கம்பனியில் இந்த முறையை எழுதியவர் முஹம்மட் என்ற ஒரு பொறியியலாளர். அவர் டெலிபோனில் பீற்றிஸுக்கு அதைப் பாடம் நடத்தினார். பெட்டிக்குள் போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு திறப்பு வேண்டும். அலுமாரியைப் பூட்டித் திறக்கிற சாவி போல. ஒரு திறப்பு ஒரு கதவைத்தான் திறக்க வேண்டும், ஒருவருக்கு இருக்கிற திறப்பு இன்னொருவருக்கு இருக்கக்கூடாது, அது இடையில் மாறவும் கூடாது. பெயர் திறப்பாகாது, ஏனென்றால் ஒரே பெயரில் ஊருக்கு அரை டசின் பேர் இருப்பார்கள். ஆகவே அடையாள அட்டை இலக்கத்தைப் போடுங்கள். கொழும்பில் இருந்து பார்த்தால் இதில் ஒரு பிழையும் தெரியாது. தை மாதத்தில் இருந்து இப்படித் திறப்புப் போட்டுப் பதியாத பாலைக் கம்பனி எடுக்காது என்றும் சொல்லிவிட்டார்கள்.

சங்கத்துக்கு வருகிற பாலில் பெரும்பங்கு படுவான்கரைப் பால். வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கத்து வயல்வட்டைகளில் மேய்கிற மாட்டுப்பட்டிகளின் பால். அந்தப் பக்கத்துக்கு வாங்குகிற ஆள் எங்களை விட்டால் வேறு இல்லை. ஆண்கள் சோதனைச்சாவடியைத் தாண்டப் பயந்து வீட்டோடு கிடக்க, பெண்கள்தான் சைக்கிளில் கேனைக் கட்டி, உருட்டிக்கொண்டு வருவார்கள். ஆமிக்காரன் கேனுக்குள் தடி விட்டுக் கிளறிப் பார்த்து விட்ட பிறகு, சாவடிக்குப் பக்கத்தில் நாங்கள் போட்டிருந்த தகரக் கொட்டிலில் பாலை அளப்போம். அந்தப் பால் நின்றால் அந்தப் பெண்களின் அடுப்பும் நிற்கும்.

கொட்டிலில் அடையாள அட்டை இலக்கம் எடுக்கிற நாளன்று எனக்குக் காய்ச்சல். நான் நின்றிருந்தால் மேசையையே தூக்கி எறிந்திருப்பேன். பீற்றிஸ் தனியாகப் போய், மேசை போட்டு, பால் கொண்டுவந்த ஒவ்வொருவரிடமும் அட்டையை வாங்கி இலக்கத்தைப் பதிந்துகொண்டு வந்துவிட்டாள். சாவடியில் நிற்கிற ஆமிக்காரன் பார்த்துக்கொண்டிருக்க, அட்டையை வாங்கி, இலக்கத்தை எழுதி. நம்முடைய ஊரில் பிறந்த ஒரு பிள்ளை செய்கிற வேலையா இது. அட்டை இலக்கங்களை வரிசையாக எழுதினால் அது பட்டியல். பட்டியல் என்றால் சுற்றிவளைப்பு. பட்டியல் என்றால் சாக்கால் முகத்தை மூடி நின்று ஆளைக் காட்டிக்கொடுக்கிற தலையாட்டி. அந்தப் பக்கத்தாரும் பட்டியல் எடுப்பார்கள், இந்தப் பக்கத்தாரும் எடுப்பார்கள். எந்தப் பக்கம் எடுத்தாலும் அம்மாமார் வயிற்றில் அடித்துக்கொள்வதுதான் மிச்சம்.

அடுத்த நாள் காலையில் நான் கொட்டிலுக்குப் போனபோது, சாவடிக்கு அப்பால் றோட்டு வெறிச்சென்று கிடந்தது. தூரத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. பால் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

பீற்றிஸ் அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை, வெட்கத்தில் முகம் கறுத்துப்போய் இருந்தாள். "என்ட அண்ணனையும் பட்டியல் பாத்துத்தான் கொண்டுபோனவங்க, கனகண்ணன்," என்றாள். "அப்பிடி இரிந்தும் எனக்குப் புத்தி ஓடல்ல பாருங்க. பெட்டி கேட்டிச்சு, நான் எழுதினன்." அன்றைக்குத்தான் அவளுக்கு ஒரு அண்ணன் இருந்ததே எனக்குத் தெரியும். அவள் அந்தத் தாள்களைக் கொண்டுபோய்க் குளிரூட்டும் தாங்கிக்குப் பின்னால் வைத்துக் கொளுத்தினாள். பெட்டிக்குள் பதிந்ததையும் அழித்தாள். பிறகு, "வாங்க, சீதேவிப்பிள்ளை மாமிட்டப் போவம்," என்றாள்.

சீதேவிப்பிள்ளை படுவான்கரைப் பால்காரிகளுக்கு வாயாக இருந்தவர். புருஷனை இழந்தவர். தாய் கொடுத்த பட்டியைத் தனியே கட்டி மேய்த்து, மூன்று பெண்பிள்ளைகளையும் ஆளாக்கியவர். அவர் சொன்னால் பால் வரும். அவர் சொன்னதால்தான் நின்றது. நாங்கள் போனபோது பொழுது சாய்கிற நேரம். வெள்ளாண்மை வெட்டி முடிந்த வட்டைக்குள் நாலைந்து பட்டி மாடுகள் ஒன்றாகக் கலந்து மேய்ந்துகொண்டிருந்தன. அவர் வரம்பில் நின்றபடி எங்களைப் பார்த்தார்.

பீற்றிஸ் நேராகவே சொன்னாள். "மாமி, நான் செய்தது பெரிய பிழை. அந்தத் தாளெல்லாத்தையும் எரிச்சிற்றன்."

"எரிச்சா போயிருமா புள்ள? நீ எழுதக்குள்ள அவன் பாத்துக்கொண்டுதானே நிண்டவன். நாளைக்கு அவன் வந்து, அண்டைக்கு எழுதின தாள் எங்க எண்டு உன்னட்டக் கேட்டா?"

"இல்லாத தாளை எப்பிடி மாமி குடுக்கிற?"

சீதேவிப்பிள்ளை மாடுகள் பக்கம் திரும்பினார். மாடு பிரிக்கிற நேரம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். யாரும் யாரோடும் கதைக்கவில்லை. ஒவ்வொருத்தியும் மாட்டின் தொடையைப் பார்ப்பதும், தட்டி ஒதுக்குவதும், அடுத்ததைப் பார்ப்பதுமாக, கலந்து நின்ற அத்தனை மாடும் கொஞ்ச நேரத்தில் தனித்தனிப் பட்டிகளாகப் பிரிந்து வீடு பார்த்து நடந்தன. எனக்கு அது பழகிய காட்சி. பீற்றிஸ் கடற்கரைப் பிள்ளை. மீனுக்குக் குறி சுடுவதில்லையே. அவள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாமி, தொடையில என்ன பாத்த நீங்க?"

"பட்டிக்குறி, இரும்பு காய்ச்சிச் சுட்டது. எங்கட அம்மா குடியில வந்த குறி. வளையத்துக்கு மேல சூலம்."

"இதே குறி இன்னொரு ஆளிட மாட்டில இரிக்குமா?"

"இரிந்தா வெட்டுக்குத்துத்தான் வரும்."

"கலியாணம் கட்டினா, ஊர் மாறினா, குறி மாறுமா?"

"ஊர் மாறினா மாட்டுத் தோல் மாறுமா? என்ன கேள்வி கேக்கா இவள்," என்று சீதேவிப்பிள்ளை என்னைப் பார்த்தார்.

பீற்றிஸ் வரம்பில் குந்திவிட்டாள். "ஒருத்தருக்கு ஒண்டு. இன்னொருத்தருக்கு இல்ல. மாறவும் மாறாது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு என் கையைப் பிடித்து உலுக்கினாள். "கனகண்ணன், திறப்பு இஞ்ச மாட்டில கிடக்கு. முஹம்மட் சேர் கொழும்பில இரிந்து தேடுறார்."

அவளுக்கு அப்போது வந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது. சீதேவிப்பிள்ளைக்கு மட்டும் வரவில்லை. ஆனால் பீற்றிஸ் கேட்டபடி, மற்றப் பெண்களின் குறிகளையும் வரம்பு மண்ணில் தடியால் கீறிக் காட்டினார். அதைப் பார்த்து பீற்றிஸ் தாளில் வரைந்துகொண்டாள். குறிக்குப் பக்கத்தில் ஒரு பெயரும் எழுதவில்லை. அதை சீதேவிப்பிள்ளை கவனித்தார் என்பதை நான் கவனித்தேன்.

வரைந்தது சரி, பெட்டிக்குள் எப்படி ஏற்றுவது? கீபோட்டில் சூலம் இல்லை. கீபோட்டைச் செய்தவனிடம் மாடு இருந்திருக்காது. பீற்றிஸ் ஒவ்வொரு குறிக்கும் ஒரு எண் வைத்தாள்; பெட்டிக்கு அது போதும். ஆனால் எண்ணைப் பார்த்துப் படுவான்கரையில் யாருக்கும் ஒன்றும் விளங்காது. தன் பால்தான் பதியப்பட்டது என்று அந்தப் பெண்களுக்குக் கண்ணால் தெரிய வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். ஒவ்வொரு பால்காரிக்கும் நேற்றைய பாலின் அளவும் கொழுப்பும் அடித்த ஒரு துண்டு போகும். அந்தத் துண்டின் தலையில் அவருடைய குறி இருக்க வேண்டும்.

பிறின்ரருக்குள் சின்னச் சின்ன ஊசிகள் வரிசையாக இருக்கின்றன. அவை நாடாவில் குத்தக் குத்தத் தாளில் புள்ளி விழுகிறது. புள்ளிகள் சேர்ந்தால் எழுத்து. அப்படியென்றால் எந்த ஊசி எப்போது குத்த வேண்டும் என்று நாமே சொல்லிக்கொடுத்தால், எழுத்துக்குப் பதிலாகக் குறி விழும். பிறின்ரரோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தில் அதற்கு வழி எழுதியிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கணக்குக் கொப்பியில் உள்ள கட்டங்களில் பீற்றிஸ் ஒவ்வொரு குறியையும் புள்ளி புள்ளியாக நிரப்பினாள். பிறகு அந்தப் புள்ளிகளை எண்களாக்கிப் பெட்டிக்குக் கொடுத்தாள். முதலில் விழுந்த சூலத்தைப் பார்த்தால் மிதிபட்ட மட்டத்தேள் போல இருந்தது. நான் சிரித்தேன். "சிரியுங்க, சிரியுங்க," என்று திரும்ப உட்கார்ந்தாள். ஜெனரேற்றர் ஓடுகிற நேரம் மட்டும்தான் வேலை செய்ய முடியும். அது நின்றால் கட்டங்களோடு வெளியே வந்து வேப்பமரத்தடியில் இருந்து நிரப்புவாள். எனக்கு அந்த ஏசி அறையில் படுக்கிற பாக்கியம் போய்விட்டது. ஒருநாள் அவள் ஒரு துண்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். வளையம், அதன் மேல் சூலம். சுட்டது போலவே இருந்தது.

இதற்குள் மார்கழி வந்துவிட்டது, பால் இன்னும் வரவில்லை. படுவான்கரைப் பாலை இனி எடுப்பதா, விடுவதா என்று தீர்மானிக்க முஹம்மட் சேரே நேரில் வந்தார். மூக்குக் கண்ணாடி போட்ட, மெலிந்த மனிதர். பயணக்களைப்பில் எங்களுடைய ஆட்டுக்கறியைக் கூடச் சரியாகச் சாப்பிடவில்லை. அட்டை இலக்கம் இல்லை என்று கேட்டதும் அவர் முகம் சுருங்கியது. "அது இல்லாட்டி நான் கம்பனிக்கு என்னத்தச் சொல்லுற?" என்றார். நாளை காலை கொட்டிலுக்கு வந்து பாருங்கள் என்று தலைவர் சமாளித்தார். சீதேவிப்பிள்ளைக்கு நான் சொல்லி அனுப்பினேன். வருவோம், ஆனால் கேன் மூடி திறக்கிறதைப் பிறகு பார்ப்போம் என்று பதில் வந்தது.

மறுநாள் காலை முஹம்மட் சேரும் நானும் கொட்டிலில் நின்றோம். பெண்கள் சாவடியைக் கடந்து வந்து, சைக்கிள்களைச் சாத்திவிட்டு, மூடிய கேன்களுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார்கள். சந்தேகத்தை முகத்தில் எழுதி வைத்திருந்தார்கள். பீற்றிஸ் மட்டும் இன்னும் வரவில்லை. கல்லடியில் இருந்து துண்டுகளையும், எல்லாக் குறிகளும் அடித்த பெரிய தாளையும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் வருகிறாள். கொட்டிலுக்கு வருகிறவர்களின் பையையும் சாவடியில்தான் சோதிப்பார்கள்.

அவள் வந்தாள். ஆமிக்காரன் பையைத் திறந்தான். தாளை எடுத்தான். விரித்தான்.

அந்தத் தாளை இன்னொருவன் கண்ணால் நான் அப்போதுதான் பார்த்தேன். சூலம், பிறை, அம்பு, பாம்பு, வட்டத்துக்குள் புள்ளி. பக்கத்தில் எண்கள். யுத்தகாலத்தில், சோதனைச்சாவடியில், ஒரு தமிழ்ப் பிள்ளையின் பைக்குள். ஆமிக்காரன் மற்றவனைக் கூப்பிட்டான். இரண்டாமவன் துவக்கைத் தோளில் இருந்து இறக்கினான். இது என்ன இரகசிய எழுத்து என்று சிங்களத்தில் கேட்டான். பீற்றிஸுக்குச் சிங்களம் தெரியாது. எனக்குத் தெரிந்த சிங்களம் பால் விற்கத்தான் போதும். முஹம்மட் சேர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், கிட்ட வராதே என்பது போல அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

பீற்றிஸ் சுற்றிப் பார்த்தாள். சாவடியின் மண்மூட்டைகள் போட்ட நிழலில் ஒரு மாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. எந்தச் சாவடியிலும் ஒரு மாடு படுத்திருக்கும்; ஆமிக்காரனுக்குப் பயப்படாத ஒரே ஜென்மம். பீற்றிஸ் தாளை அவன் கையில் இருந்து மெதுவாக வாங்கினாள். துவக்கு அவளைப் பார்த்துக்கொண்டிருக்க, மாட்டுக்குப் பக்கத்தில் போய்க் குந்தினாள். அதன் தொடையில் இருந்த புழுதியைக் கையால் தட்டினாள். வளையத்துக்கு மேல் சூலம். தாளை அந்தக் குறிக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு விரலைத் தாளிலும் ஒரு விரலைத் தொடையிலும் வைத்தாள். "ம்மா" என்றாள், மாடு கத்துவது போல. பிறகு பால் கறந்து காட்டினாள், இரண்டு கையாலும், காற்றில்.

முதல் ஆமிக்காரன் கிட்டப் போய்க் குனிந்தான். தாளைப் பார்த்தான், மாட்டைப் பார்த்தான். அவன் முகம் அப்படியே அவிழ்ந்தது. சத்தமாகச் சிரித்து மற்றவனிடம் ஏதோ சொன்னான். அவனுடைய ஊரிலும் அப்பா மாட்டுக்கு இப்படித்தான் சுடுவாராம், முஹம்மட் சேர் பிறகு எங்களுக்குச் சொன்னார். துவக்கு தோளுக்குத் திரும்பியது.

எல்லாம் முடிந்தது என்று நான் மூச்சு விட்டபோது, இரண்டாமவன் கேட்டான், இந்த மாடு யாருடையது என்று. அது சாவடியின் மரக்கறித் தோட்டத்தை இரண்டு முறை மேய்ந்துவிட்டதாம். பெயரைச் சொல்லச் சொன்னான். மாட்டையும் தாளையும் மாறி மாறிக் காட்டிக் கேட்டதால், சிங்களம் தெரியாதவர்களுக்கும் கேள்வி விளங்கியது.

மாட்டுக்காரி எங்களோடுதான் நின்றார். சீதேவிப்பிள்ளை, பிறந்ததில் இருந்து மாட்டையே கண்டிராதவர் போல வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பீற்றிஸ் தாளை அவனிடமே நீட்டினாள். அவன் மேலிருந்து கீழ்வரை தேடினான். திருப்பிப் பார்த்தான். குறி இருந்தது, எண் இருந்தது, பால் அளவு எழுத இடம் இருந்தது. பெயர் ஒன்றும் இல்லை. ஊர் இல்லை. அட்டை இலக்கம் இல்லை. பீற்றிஸ் இரண்டு கையையும் விரித்து, தாளைக் காட்டி, தலையை ஆட்டினாள். அவன் கொஞ்ச நேரம் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அலுத்துப்போய் அவளிடம் திருப்பிக் கொடுத்து, போ என்று கையைக் காட்டினான். மாடும் எழும்பித் தன்பாட்டில் நடந்தது.

பீற்றிஸ் கொட்டிலுக்கு வந்தாள். ஒவ்வொரு பெண்ணுக்கும் அவரவர் குறி அடித்த துண்டை எடுத்துக் கொடுத்தாள். சீதேவிப்பிள்ளை தன்னுடையதை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் சூலத்தின் மேல் விரலை வைத்துத் தடவியபோது அவர் வாசித்துக்கொண்டுதான் இருந்தார்.

"ஆமிக்காரன்ட கையில முழுப் பட்டியலும் கிடந்திச்சு," என்றார் மற்றப் பெண்களைப் பார்த்து. "நானும் முன்னுக்குத்தான் நிண்டன். அவனால ஒண்டும் பறிக்க ஏலாமப் போச்சு." பிறகு குனிந்து தன் கேனின் மூடியைத் திருகினார். அவருக்குப் பின்னால் கொட்டில் முழுக்க மூடி திறக்கிற சத்தம் கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பால்மானியைப் பார்க்கிற சாட்டில் குனிந்துகொண்டேன்.

முஹம்மட் சேருக்கு மட்டும் இன்னும் ஒரு முடிச்சு மிச்சம் இருந்தது. தாளை விரித்துக்கொண்டு பீற்றிஸிடம் கேட்டார். "தாயிட மாட்ட மகளுக்குச் சீதனமாக் குடுத்தா? ரெண்டு பேருக்கும் ஒரே குறி வருமே. அப்ப திறப்பு உடைஞ்சு போகும்."

"வராது சேர், மாமிட்டக் கேட்டுப் பாத்தன். மகளுக்குக் குடுக்கிற மாட்டில தாயிட குறியோட ஒரு கீறல் கூடச் சுடுவாங்க. ரெண்டாவது மகளுக்கு இன்னொரு கீறல். பெட்டியிலயும் அப்பிடித்தான் வச்சிரிக்கிறன். தாயிட எண்ணுக்குப் பின்னால ஒரு புள்ளி, அதுக்குப் பின்னால மூத்த மகளுக்கு ஒண்டு, ரெண்டாவது மகளுக்கு ரெண்டு. தாயிட எண்ணைத் தட்டினா மகள்மாரிட பாலும் சேர்ந்து வரும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு திரும்பவும் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார். "கொழும்பில இதைச் செய்ய நாங்க மூணு பேர் இருந்து மண்டைய உடைச்சோம்," என்றார். "இவங்க மாட்டிலேயே செஞ்சு வச்சிருக்காங்க." அப்போது அவர் சிரித்த சிரிப்பில் கம்பனிக்காரன் யாரும் இல்லை. கணக்கு விடை சரிவந்த பள்ளிக்கூடப் பையன்தான் இருந்தான். பெயர்கள் சங்கத்துக்குள் இருக்கட்டும், கொழும்புக்குக் குறி போதும் என்று அங்கேயே நின்றபடி சொன்னார். அன்றைக்கு ஆட்டுக்கறியை இரண்டுமுறை வாங்கிச் சாப்பிட்டார்.

தை பிறந்தபோது படுவான்கரைப் பால் நிற்கவில்லை; தாங்கிதான் கொள்ளாமல் போனது. கட்டிப்பால் தருகிறவர்கள் யார் என்று துண்டில் தெரியத் தொடங்கியதும், தண்ணீர் கலக்கிறவர்களுக்கு என்னிடம் ஏசுவதற்கு வாய் இல்லாமல் போயிற்று. கொழும்பில் இருந்து புதிய புளொப்பித் தட்டுகள் வந்தன. பீற்றிஸ் அவற்றைப் பெட்டிக்குள் போட்டுத் திறந்தபோது, முன்பு அடையாள அட்டை இலக்கம் கேட்ட இடத்தில் இப்போது மாட்டுக்குறி என்று ஆங்கிலத்தில் கேட்டது. அவள் எல்லோரையும் கூப்பிட்டு அதைக் காட்டினாள். தலைவர் பிளேன்ரீக்கும் பணிசுக்கும் ஆள் அனுப்பினார்.

அந்த ஆண்டு ஆனியில் ஒரு நாள், சீதேவிப்பிள்ளை நல்ல சேலை உடுத்து, பாலத்தைக் கடந்து கல்லடிச் சங்கத்துக்கே வந்தார். அவர் வாவியைத் தாண்டி இவ்வளவு தூரம் வந்து நான் பார்த்ததில்லை. நேராக ஏசி அறைக்குள் போய், குளிருக்குச் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, கொம்பியூட்டருக்கு முன்னால் கதிரையில் இருந்தார். மூத்த மகளுக்குக் கல்யாணம் பேசி முடிந்துவிட்டது. சீதனமாக மாடு பிரிக்க வேண்டும்.

"சூலத்துக்குப் பக்கத்தில ஒரு கீறல் போடலாமெண்டு நினைக்கன்," என்றார் பீற்றிஸிடம். "இந்தப் பெட்டியில பாத்துச் சொல்லு புள்ள, வேற ஆரும் அப்பிடி வச்சிரிக்காங்களா?"

பீற்றிஸ் தட்டிப் பார்த்தாள். "ஒருத்தரும் இல்ல மாமி."

"அப்ப நீ முதல் இதில சுடு," என்றார் சீதேவிப்பிள்ளை. "மறுகா நான் மாட்டில சுடுறன்."